டிவி மேல் கிடந்த பாரம்

குழு நண்பர்களே, இன்று காலை மினிபஸ்ஸில் என் மகள் என்னை மடக்கிவிட்டாள்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படிக்கிறாள். சாலாக் செலாத்தானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை தேர்வுக்குப் படித்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் கேள்வி கேட்டேன். மக்களவை, மேலவை, மாமன்னர் எல்லாம் சரியாகவே சொன்னாள்.

"ரெண்டு சபையும் மசோதாவ பாஸ் பண்ணிட்டாங்க. மாமன்னர் அகோங் கையெழுத்துப் போடல. மசோதா போச்சு, அவ்ளோதானே?" என்றேன்.

"இல்லப்பா. முப்பது நாள் பார்ப்பாங்க. அப்புறம் கையெழுத்து இல்லாமலே சட்டம் ஆயிடும்."

சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"அப்பா, நான் பினாங்கு யுனிவர்சிட்டியில படிக்கிறதுக்குக் கொண்டுவந்த விண்ணப்பப் பாரம் டிவி மேல எத்தனை நாளா கிடக்கு?"

தீபாவளிக்கு மறுநாள் வைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன்மேல் பத்திரிகையை மட்டும் வைத்தேன்.

"அம்மா பாஸ் பண்ணிட்டாங்க. தம்பியும் பாஸ் பண்ணிட்டான். நேத்தோட முப்பத்தஞ்சு நாள்."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பினார். "அங்கிள், அப்ப சட்டம் ஆயிடுச்சு லா!"

பஸ்ஸே சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது இல்லாமலும் போய்விடுவாள், தெரியும். ஆனாலும் அவள் எடுத்துப்போகும் தாளில் என் பெயரும் இருக்கட்டும்.

இந்தக் குழுவில் இன்னும் வாய் திறக்காத மாமன்னர்கள் யார் யார்? உங்களுக்கு இன்றோடு எத்தனை நாள்?