நெஞ்சு வேறு, மார்பு வேறு

"ஆய்வில் பங்கேற்பவரின் உடல்நிலையில் கவனிக்கத்தக்க மாறுதல் ஏதேனும் தென்பட்டால், அது அவருக்குத் தாமதமின்றித் தெரிவிக்கப்படும்."

இது என் வாக்கியம் அல்ல. கரியமாணிக்கம் சமுதாயக் கூடத்தில், இதய ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்த தாளில் கடைசிக்கு முந்தின பத்தி. அந்தத் தாளை முழுக்கப் படித்த ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

தெரிவிக்கப்படும் — சரி. யார் தெரிவிப்பார்? எழுவாயைக் காணோம். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராகக் குப்பை கொட்டிவிட்டு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்... ஒரு வாக்கியத்தில் எழுவாய் இல்லையென்றால், பொறுப்பும் இல்லை என்று அர்த்தம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி மல்லிகாவின் தங்கை செல்வி, கரியமாணிக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். நாங்கள் பாகூர். இரண்டும் புதுச்சேரி ஊர்கள். ஸ்கூட்டரில் போகிற தூரம்தான். செல்விக்கு ஐம்பத்தெட்டு வயது. கரும்பு, நெல், இரண்டு பசு மாடு, ஒரு கணவன் என்று எல்லாவற்றையும் அவளேதான் மேய்க்கிறாள். எனக்குக் கொழுந்தியாள் என்பதால் என்னைக் கிண்டல் செய்யும் உரிமமும் அவளிடம் உண்டு. அதைப் புதுப்பிக்கத் தேவையே இல்லை.

மாசி மாதம் ஒரு காலையில் போன் செய்தாள்.

"மாமா, எங்க ஊருக்கு ஹார்ட் ஆராய்ச்சிக்காரங்க வந்துக்கிறாங்க. அக்காவ கூட்டிக்கினு வாங்க. வெறும் வயித்துல ரத்தம் எடுத்துட்டு டிபன் தராங்களாம்."

"உங்க ஊர் ஆராய்ச்சிக்கு நான் எதுக்கு?"

"காயிதத்துல கையெழுத்து கேக்குறாங்க. நீங்கதான் காயிதம் படிக்கிற ஆளாச்சே. படிச்சிச் சொல்லுங்க. ஹார்ட்டுன்னு சொல்லிட்டு கிட்னிய எடுத்துக்கினு போயிடப் போறானுங்க."

போனோம். சமுதாயக் கூடத்து வாசலில் பேனர். பிறப்பு முதல் முதுமை வரை இதய நலம் காப்போம் என்று எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே மேஜை போட்டு வெண்பொங்கலும் மெதுவடையும் வைத்திருந்தார்கள். பொங்கலில் முந்திரி நெய்யில் நீந்திக்கொண்டிருந்தது. ஆராய்ச்சிக்கு வருங்காலத்தில் ஆள் குறைந்துவிடக் கூடாது என்ற தொலைநோக்கு!

ஆனால் ஆராய்ச்சியின் அடிப்படை அசட்டுத்தனமானது அல்ல. ஒப்புக்கொள்கிறேன். இதய நோய் என்பது ஐம்பது வயதில் திடீரென்று வந்து குதிப்பதில்லையாம். தாய் வயிற்றில் இருக்கும்போதே கணக்கு ஆரம்பித்துவிடுகிறதாம். அதனால் பிறந்த கதை, வளர்ந்த கதை, பிள்ளை பெற்ற கதை எல்லாம் கேட்கிறார்கள். கேள்வி கேட்க ஓர் இளம்பெண். கையில் டேப்லெட். பேச்சில் கோயம்புத்தூர்.

செல்வியின் முறை வந்தது. மல்லிகாவும் நானும் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம்.

"பிறந்தப்ப உங்க எடை எவ்வளவுங்க?"

"எடை போட நான் இன்னா கரும்பு லோடா?"

தெரியாது என்று பதிவானது.

"வாரத்துல எத்தனை நாள் உடற்பயிற்சி செய்வீங்க?"

"அதெல்லாம் பழக்கமில்ல கண்ணு."

விடியற்காலையில் மாட்டுக்குப் புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டு வந்து போட்டுவிட்டு வந்தவள் சொல்கிறாள் இதை. உடற்பயிற்சி இல்லை என்று பதிவானது.

"கர்ப்பமா இருக்கறப்ப பிரஷர் இருந்துச்சுங்களா?"

"ரெண்டாவது புள்ளைக்கு இருந்துது. காலு வீங்கி, கண்ணு மங்கி, பொழைக்க மாட்டான்னுட்டாங்க. எங்க அக்காதான் கூட இருந்துது, கேளு."

மல்லிகா தலையாட்டினாள். நான் சும்மா இருப்பேனா? "அந்தப் பிள்ளைக்கே இப்போது கல்யாணம் ஆகிவிட்டது. அதற்கும் இதயத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றேன்.

"இருக்குதுங்க சார். கர்ப்பத்துல பிரஷர் வந்தவங்களுக்குப் பின்னாடி இதய நோய் வர்ற வாய்ப்பு ஜாஸ்திங்க. பிரசவத்தோட முடிஞ்சுதுன்னு எல்லாரும் மறந்துடறாங்க."

நல்ல பதில். அடுத்த கேள்வி வந்தது.

"உங்களுக்கு எப்போதாவது மார்பு வலி ஏற்பட்டதுண்டா?"

இதை மட்டும் அந்தப் பெண் அச்சிட்டிருந்தபடியே படித்தாள். பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆண்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். செல்வி முகம் சிவந்து, "ஐய... ஆம்பளைங்க நிக்கிற எடத்துல இன்னா கேள்வி இது? அதெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றாள்.

இல்லை என்று பதிவானது. அவளுக்குப் பின்னால் வந்த பெண்கள் எல்லோரும் அதே வேகத்தில் அதே பதிலைச் சொன்னார்கள். ஆராய்ச்சி முடிவில் கரியமாணிக்கத்துப் பெண்களின் இதயம் இரும்பு என்று யாராவது கட்டுரை எழுதினால், காரணம் இதுதான்.

திரை மறைவில் ஈசிஜி எடுத்தார்கள். ரிப்போர்ட் அப்புறம் வரும் என்றார்கள். டிபனை முடித்துக்கொண்டு கிளம்பினோம். ஸ்கூட்டர் நிறுத்திய இடம் வரை செல்வியும் நடந்து வந்தாள். பாதி வழியில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஒரு கை நெஞ்சின் நடுவில். நெற்றியெல்லாம் வியர்வை.

"இன்னாடி?" என்றாள் மல்லிகா.

"கேஸுதான்க்கா. நடந்தா வரும், செத்த நின்னா போயிடும். நெஞ்ச போட்டு அழுத்தும், அப்படியே தாடை வரைக்கும் இழுக்கும். ஒரு சோடா குடிச்சா சரியாப் பூடும்."

"எத்தனை நாளாய்?" என்றேன்.

"தீவாளிலேர்ந்து."

"இதை ஏன் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இது நெஞ்சு மாமா. அந்தப் பொண்ணு மார்புன்னு இல்ல கேட்டுச்சு?"

எங்கள் பக்கத்தில் நெஞ்சு என்றால் நெஞ்சு. மார்பு என்றால் வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. கேள்வியை மொழிபெயர்த்த மகானுபாவர் எந்தப் பெண்ணிடமும் வாயைத் திறந்து கேட்டுப் பார்த்ததில்லை... அவ்வளவுதான்.

திரும்பிப் போய் அந்தக் கோவைப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்கு உடனே புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஆனா கேள்வியை மாத்த முடியாதுங்க சார். கமிட்டி அப்ரூவல் ஆன வாசகம். ஒரு எழுத்து மாத்துனாலும் மறுபடி அப்ரூவல் வாங்கணும்."

"ரிமார்க்ஸ் கட்டத்தில் எழுதேன்."

"ரிமார்க்ஸ் கட்டமே இல்லைங்க சார்."

"சரி, செல்விக்கு?"

"ஈசிஜி எடுத்திருக்கோமுங்க. ஏதாச்சும் இருந்தா ஆபீஸ்லருந்து தெரிவிப்பாங்க."

மறுபடியும் தெரிவிப்பார்கள். இப்போதாவது ஓர் எழுவாய் கிடைத்ததே! ஆபீஸ்.

ஆபீஸ் என்றால் என் மைதானம் அல்லவா? அன்றே கடிதம் எழுதினேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு. கோரிக்கை ஒன்று: செல்வியின் ஈசிஜி முடிவைத் தெரிவிக்கவும். கோரிக்கை இரண்டு: மார்பை நெஞ்சாக்கவும். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். பதில் இல்லை. மேலதிகாரிக்கு நகல் போட்டு மீண்டும் ஒரு நினைவூட்டல். போன் செய்தால் அது வேறு செக்‌ஷன் என்றார்கள். அந்த செக்‌ஷனுக்குப் போட்டால், முதலில் பேசியவரே எடுத்தார்.

இதற்கிடையில் கரியமாணிக்கத்தில் என்ன நடந்தது தெரியுமா? செல்வி தைரியமாகிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மல்லிகா கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில்.

"அவ்ளோ பெரிய ஆராய்ச்சிக்காரங்க, மெஷின்லாம் வெச்சிப் பாத்தாங்க. எதுனா இருந்தா சொல்லியிருக்க மாட்டாங்களா? ஒண்ணும் சொல்லலன்னா ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்?"

அவள் கணவர், என் சகலை, இதற்குப் பின்பாட்டு: "வாயுதான் சகல. பூண்ட பால்ல போட்டு வேகவெச்சி குடுக்குறேன். ஏப்பம் வந்துட்டா சரியாப் பூடும்."

கவனியுங்கள். அரசாங்கத்தில் பதில் வரவில்லை என்றால் விண்ணப்பம் தூங்குகிறது என்று எவனுக்கும் தெரியும். ரேஷன் கார்டு விஷயத்தில் இதே செல்வி அப்படி நம்பியிருப்பாளா? போய் கவுன்ட்டரில் சண்டை போட்டிருப்பாள். ஆனால் டாக்டர்கள் மௌனமாக இருந்தால் மட்டும் நாம் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்கிறோம். உடம்பு நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கெட்டிருக்கிறது என்றும் யாரும் சொல்லவில்லை. இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்வோம்!

நான் அடுத்த நினைவூட்டலுக்கு உட்கார்ந்தேன். மல்லிகா பேனாவைப் பிடுங்கினாள்.

"ஏங்க, அவ போய்ச் சேந்தப்புறம் பதிலு வந்தா, அத இன்னா பண்றதா உத்தேசம்? சட்டம் போட்டு மாட்டுவீங்களா?"

அன்று அவள் வேறு நடைமுறையைக் கையாண்டாள். எந்தக் கையேட்டிலும் இல்லாத நடைமுறை. தங்கைக்குப் போன் போட்டு, "செல்வி, எனக்குத் தலய சுத்துதுடி. டவுன்ல பெரிய டாக்டர பாக்கணும். உங்க மாமாவ நம்பிப் போனா அவரு கவுன்ட்டர்ல ரூல் பேசிக்கினு நிப்பாரு. நீ தொணைக்கு வா" என்றாள். அக்காவுக்கு என்றதும் செல்வி கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

டாக்டர் அறை மாடியில். படியேறும்போதே செல்வி இரண்டு முறை நின்றாள். உள்ளே போனதும் மல்லிகா தங்கையின் தோளை அழுத்தி ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"ஐயோ, பேஷண்ட்டு அவங்க டாக்டர்!" என்று செல்வி கத்தினாள்.

"இவளுக்குத்தான் டாக்டர். கேஸாம். நடந்தா வருதாம், நின்னா போவுதாம். தாடைக்கு இழுக்குதாம்," என்றாள் மல்லிகா.

டாக்டர் கொஞ்சம் வயதானவர். பேனாவைக் கீழே வைத்தார். "ஏறினா வர்ற கேஸு, உட்கார்ந்தா போற கேஸு... அந்த சிலிண்டர் வயித்துல இல்லம்மா. மேல இருக்கு" என்றார். பிறகு சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டார்: "கர்ப்பத்துல பிரஷர் இருந்துச்சா?"

அதன் பிறகு எல்லாம் வேகம். ஈசிஜி, எக்கோ, ஆஞ்சியோ. இதயத்தின் முக்கியமான குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைக்க வேண்டும், தள்ளிப்போட முடியாது என்றார்கள். சகலை வந்து சேர்ந்தார். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும்போது பேனா அவர் கையிலிருந்து இரண்டு முறை கீழே விழுந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் தாளை நீட்டினார்கள். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாய். நான் ஒரு வரி கூடப் படிக்கவில்லை. போட்டுக் கொடுத்தேன்.

கதவு மூடியது. வெளியே பெஞ்சில் மல்லிகா என் கையைப் பிடித்திருந்தாள். சகலை, "பூண்டு குடுத்தேனே... பூண்டு குடுத்தேனே..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் செல்வி கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வி: "மாட்டுக்குத் தண்ணி காட்டுனது யாரு?"

இரண்டாவது என்னிடம். "மாமா, உள்ள ஸ்பிரிங்கு வெச்சிக்கிறாங்களாம். டிராக்டருக்கு வெக்கிறாப்புல. இனிமே மேடு பள்ளம் தெரியாது, பாருங்க."

சிரித்தேன். கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

வாசகப் பெருமக்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, ஒரு வேண்டுகோள். நடந்தால் வந்து, நின்றால் போகும் எதையும் கேஸ் என்று சொல்லி சோடாக்காரரை வாழவைக்காதீர்கள். சில பேருக்கு நெஞ்சில் வலியே இருக்காதாம். மூச்சு வாங்கும், தோள்பட்டை இழுக்கும், முதுகு வலிக்கும், காரணமில்லாமல் வியர்க்கும். அதற்கு நெஞ்சு என்று பேர் வைப்பதா, மார்பு என்று பேர் வைப்பதா என்பதைக் கமிட்டி முடிவு செய்யட்டும். நீங்கள் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருங்கள்.

செல்வி இப்போது மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். மாடியேறிக் காட்டுகிறாள். ஊர்ப் பெண்களிடம், "மார்புன்னு கேட்டாலும் நெஞ்சுன்னு நெனச்சி பதில் சொல்லுங்கடி" என்று பிரசாரம் செய்கிறாள். அந்தப் பிரசாரத்துக்கு எந்தக் கமிட்டியின் அப்ரூவலும் வாங்கவில்லை.

பதில்? வந்ததே! நல்ல காகிதத்தில், முத்திரையுடன். சொல் மாற்றம் குறித்த என் ஆலோசனை பரிசீலனையில் உள்ளதாம். ஈசிஜியில் மாறுதல் தென்படுவதால், பங்கேற்பாளர் உடனடியாக இதய மருத்துவரை அணுகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறாராம். உடனடியாக என்பதன் கீழே கோடு வேறு.

செல்வியிடம் படித்துக் காட்டினேன். எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "உடனடியான்னு போட்டுக்கிறான் மாமா. கெளம்பலாமா?"

எங்கள் புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கையிலிருந்து நம் கைக்கு வந்தது ஒரு நவம்பரில். சட்டப்படி வந்துவிட்டது என்று காகிதம் ஒப்புக்கொண்டது பல வருடங்கள் கழித்து ஓர் ஆகஸ்டில். நடந்து முடிந்ததை மெதுவாக ஏற்றுக்கொள்ளும் அந்த நாளை நாங்கள் விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறோம். இந்த வருடம் அந்த விடுமுறையிலும் தபால்காரர் வந்தார்.

பதில் கிடைத்த தேதி: ஆகஸ்ட் பதினாறு.