எல்சிடியின் முதுகில் ஒரு திருகு

என் மனைவிக்கு இரண்டு காதும் கேட்காமல் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. ஓசூரில் அவள் வேலை செய்த, இரும்புச் சாமானுக்குப் பெயிண்ட் பொடி தூவி ஓவனில் சுட்டெடுக்கும் பவுடர் கோட்டிங் பட்டறையின் முதலாளி என்னை வரச் சொல்லிப் பேசினார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

"தப்பா எடுத்துக்காதப்பா. மூணு ஓவன் ஓடுது. பஸ்ஸர் அடிச்சா ஓடிப்போய்த் தொறக்கணும். ரெண்டு நிமிசம் லேட்டானா பெயிண்ட் மஞ்சளடிச்சிடுது. அந்தம்மாவத் தோளத் தொட்டுத் தொட்டுக் கூப்புடறதுக்குன்னே ஒரு ஆள எத்தன நாளுக்கு நிறுத்தி வெக்கறது?"

"கண்ணுல பாக்கற மாதிரி பண்ணித் தரேன் சார். எந்த ஓவன், எத்தன நிமிசம் பாக்கின்னு எழுத்துல ஓடும்" என்றேன். திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பதாகச் சொன்னார். அதற்குமேல் வேறு ஆள்.

ஒரு பல்பு போட்டால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். போட்டுப் பார்த்தார்கள். பல்பு எரியும் நேரம் இவள் வேறு ஓவனில் குனிந்திருப்பாள். இன்னும் எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அவளால் அதற்கு ஏற்ப நடமாட முடியும். காய்ச்சலில் போன காது திரும்பாது என்று பெங்களூரு வரை போய்க் கேட்டுவிட்டோம். இனி அவளுக்குப் பட்டறை என்றால் அது எழுத்தில்தான்.

நான் ஒரு பெரிய கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஆள். புரோகிராம் ஏற்றி ஓட்டும் கையகல மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்றும், இரண்டு வரி ஓடும் சின்ன எல்சிடி திரை ஒன்றும் வாங்கினேன். போர்டுக்கும் திரைக்கும் நடுவில் நாலே நாலு ஒயர். கன்ட்ரோல் பேனலில் நானூறு ஒயர் இழுத்தவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். அந்தத் திமிருக்கு உடனே பலன் கிடைத்தது. திரையில் நீல வெளிச்சம் வந்தது. எழுத்து மட்டும் வரவில்லை.

ஒயரை மாற்றினேன். இரண்டு சிக்னல் ஒயரையும் இடம் மாற்றிக் குத்திப் பார்த்தேன். திரை எந்த முகவரியில் இருக்கிறது என்று தேடும் புரோகிராமை ஓட்டினேன். இருக்கிறேன் என்று அது ஒழுங்காகப் பதில் சொன்னது. அப்புறமும் எழுத்து இல்லை. சனிக்கிழமை லீவு போட்டு, அத்திப்பள்ளி நெரிசலில் வெந்து, பெங்களூரு போய் இன்னொரு திரை வாங்கி வந்தேன். அதுவும் வெறும் நீலம்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். திரையின் முதுகில் நீல நிறத்தில் ஒரு குட்டிப் பெட்டியும் அதில் ஒரு திருகும் இருந்ததை நான் பார்க்காமல் இல்லை. எழுத்து தெரியாவிட்டால் அதைத் திருகிப் பாருங்கள் என்று போனில் பார்த்த ஒரு வீடியோவில் ஒருவர் சொல்லவும் செய்தார். அவருக்கென்ன, மெமோவா வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபேக்டரியில் செட்டிங் திருகு என்றால் சாமி மாதிரி. ஒருமுறை அளந்து வைத்துச் சிவப்புப் பெயிண்டால் சீல் வைத்துவிடுவார்கள். அப்புறம் யாரும் தொடக் கூடாது. முதல் கம்பெனியில் நான் தொட்டேன். ஒரு மெஷினில் பிரஷர் குறைவதுபோல் தோன்றியதால் கால் சுற்று திருகினேன். அந்த ஷிஃப்டில் வந்த பீஸ் அத்தனையும் ரிஜெக்ட். எல்லோர் முன்னாலும் மெமோ கொடுத்தார்கள், அடுத்த மாதம் வேலையும் போனது. அதிலிருந்து எந்தத் திருகைக் கண்டாலும் என் கை தானாகப் பின்னால் போகும். இதில் பெயிண்ட் இல்லைதான். இருந்தாலும் திரையைச் செய்தவன் அளந்து வைத்த செட்டிங்கை நான் கலைத்துவிட்டால் அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை புரோகிராமை அழித்து அழித்து எழுதினேன். சோறு இறங்கவில்லை. இரண்டு முறை டெஸ்டரை எடுத்து அந்தத் திருகின் மேல் வைத்தேன். இரண்டு முறையும் திருகாமலே எடுத்துவிட்டேன். நாற்பத்திரண்டு வயசு ஆளுக்கு ஒரு மிளகு அளவு திருகிடம் பயம். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

அவள் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் இப்போதெல்லாம் சத்தமாகத்தான் பேசுவாள். லைன் வீட்டில் நாங்கள் பேசுவது ஆறு குடும்பத்துக்கும் கேட்கும்.

"வுடுங்க. ரோஜாத் தோட்டத்துக்குப் போயிடறேன். பூப் பறிக்கறதுக்குக் காது எதுக்கு?"

ஒன்பது வருஷம் நின்ற இடத்தை அவள் அப்படி விட்டுக்கொடுத்தது என்னால் தாங்க முடியவில்லை. நாங்கள் பேசிக்கொள்ள வைத்திருக்கும் நோட்டில் 'நாளைக்குள்ள சரியாயிடும்' என்று எழுதினேன். படித்தாள். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. முகம் கழுவப் பின்பக்கம் போனேன். உண்மையில் அழத்தான் போனேன்.

திரும்பி வரும்போது அவள் திரையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் டெஸ்டர். அதன் முனை அந்தத் திருகில் இருப்பது அவள் தோளுக்கு மேலாகத் தெரிந்தது.

"தொடாத!" என்று கத்தினேன். அப்படி ஒரு கத்தலை நான் என் வாழ்நாளில் கத்தியதில்லை. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அவள் நிதானமாகத் திருகினாள். கொஞ்சம் நிறுத்தி, திரையைத் திருப்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் திருகினாள். நீலத்தில் வெள்ளையாக எழுத்து எழும்பி வந்தது.

"ஓவன் ரெண்டு. ஏழு நிமிசம்" என்று உரக்கப் படித்தாள்.

அப்புறம்தான் திரும்பினாள். நீட்டிய கையோடு நான் அப்படியே நின்றிருந்தேன்.

"ஏதாச்சும் சொன்னீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்பறம் எதுக்குப் பக்கத்து வீட்டக்கா ஓடி வந்து நிக்கறாங்க?"

வாசலில் அந்த அக்கா கையில் கரண்டியோடு நின்றிருந்தார். மாட்டிக்கொண்டேன். நோட்டை எடுத்து, தொடாதே என்று கத்தினேன் என்று எழுதிக் காட்டினேன். அவள் ஒருமுறை படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

"நல்லவேள, எனக்குக் கேக்கல" என்றாள்.

நான்கு மாதத்தில் தன் காதைப் பற்றி அவள் அழாமல் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குத்தான் அடக்க முடியவில்லை. அந்த அக்கா முன்னாலேயே அழுதேன்.

திங்கட்கிழமை காலை திரையை ஓவன்களுக்கு மேலே மாட்டினோம். முதலாளி கைகட்டி நின்று மூன்று லோடு பார்த்தார். மூன்று தடவையும் பஸ்ஸர் அடிக்கும்போது என் மனைவி அந்த ஓவனின் கதவருகே தயாராக நின்றிருந்தாள். அவளைத் தொட்டுக் கூப்பிட நிறுத்தியிருந்த ஆளைப் பேக்கிங்குக்குப் போகச் சொல்லிவிட்டு, முதலாளி ஆபீசுக்குள் போனார்.