பூட்டிய வீட்டுக்குள் ஒரு கார்ப் பந்தயம்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால் கூடத்தில் ஒரு மணம். தூசி சூடேறி வேகும் மணம். மகள் மடிக்கணினியைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். "வாப்பா, கேம் நிண்டு நிண்டு போகுது, என்னன்டு பாருங்களே" என்றாள். தலையணையை எடு, ஜன்னலைத் திற என்றேன். இதற்குத்தானா இவர் பத்து வருஷம் கொம்பியூட்டர் கடையில் குப்பை கொட்டினார் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். சொன்னால் சிரிப்பீர்கள், அந்தப் பத்து வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்ற வித்தை அது ஒன்றுதான். அதுவும் லேசில் மண்டையில் ஏறவில்லை.

யுத்தத்தின் கடைசி வருடங்கள். மடவளையிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கண்டி டவுனுக்கு வந்து ஒரு சின்னக் கடையில் கொம்பியூட்டர் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்துவதை விடத் தூக்கிச் சுமப்பதுதான் பெரிய வேலை. பஸ்ஸில் ஏறியதும் குண்டு இருக்கிறதா என்று எல்லோரும் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கும் காலம் அது. பனிஸ் ரொட்டி வாங்கிய பை ஒன்று ஆளில்லாமல் கிடந்தாலே பஸ் காலியாகிவிடும். நானோ வயர் தொங்கும் இரும்புப் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாதையில் இரண்டு பேர் சீட்டில் தனியாகப் பயணம் செய்த ஒரே ஆள் நான்தான். "மகன், அந்தப் பொட்டியோட பஸ்ல போகாத, ஆக்கள் பயப்புடுற" என்று உம்மா தினமும் சொல்வா. பயப்பட்டது ஆட்கள் மட்டுமல்ல, நானும்தான்.

சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து காட்டவேண்டும். அதனால் பக்கத் தகட்டுக்கு ஸ்க்ரூ பூட்டுவதையே விட்டுவிட்டு ஒரு கயிற்றால் கட்டி வைத்திருந்தேன். ஒரு முறை துவக்கோடு நின்ற இளம் சிப்பாய் உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, தன் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கிறது, தம்பி கேம் விளையாடும்போது இறுகி நிற்கிறது, என்ன செய்யலாம் என்று சிங்களத்தில் கேட்டான். தூசி தட்டச் சொன்னேன். பின்னால் நின்ற வரிசை முழுவதும் எங்கள் ஆலோசனை முடியும்வரை காத்திருந்தது.

அன்று என் மடியில் இருந்தது டீச்சர் வீட்டுப் பெட்டி. டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். மஹய்யாவையில் மேட்டு ஓரமாக ஒரு சின்ன வாடகை வீடு. கணவர் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது சண்டையால் அங்கே போகும் பாதையை மூடிவிட்டார்கள், அவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். இங்கே டீச்சரும் மகன் ரமணனும்தான். ரமணனுக்குப் பத்தொன்பது வயது, வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தான். அவனுடைய கார்ப் பந்தய கேம் திக்கித் திக்கி ஓடுகிறது என்பதுதான் முறைப்பாடு.

கேமுக்காக ஒரு தாய் இவ்வளவு பதறுவதை நான் அதுவரை கண்டதில்லை. மற்றத் தாய்மார் அதைக் கழற்றி எறியச் சொல்வார்கள். இவர் முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, இது ஒழுங்கா ஓடினாத்தான் இவன் வீட்டில நிப்பான். ஓடாட்டி டவுனில இருக்கிற கேம் கடைக்குப் போயிடுவான். போன மாசம் அப்பிடிப் போகேக்கதான் பொலிஸ்காரங்கள் பிடிச்சவங்கள். யாழ்ப்பாண அடையாள அட்டை எண்டு ஒண்டரை நாள் வைச்சிருந்தவங்கள். இன்னொருக்கால் என்னால ஏலாது."

அதற்குப் பிறகு அந்தப் பெட்டி எனக்கு வெறும் பெட்டியாக இல்லை. தகட்டைக் கழற்றித் தூசியை ஊதினேன். ஃபேனை மாற்றினேன். சூடு தணிய சிப்பின்மேல் தடவியிருந்த பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகிக் கிடந்தது, அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினேன். கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்றாம் நாள் டீச்சர் போன் எடுத்தார்: "தம்பி, திரும்பத் திக்குது." கடைக்குத் தூக்கி வந்து காலையிலிருந்து மாலைவரை ஓட விட்டேன், ஒரு திக்கலும் இல்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுபடியும் போன். விஜிஏ கார்டை மாற்றினேன், ரேமை மாற்றினேன், எல்லாவற்றையும் அழித்து ஃபோமட் பண்ணினேன். எதுவும் பிடிபடாவிட்டால் ஃபோமட் பண்ணுவது எங்கள் தொழிலின் கைவைத்தியம். ரமணன் சேர்த்து வைத்திருந்த வெற்றிகளெல்லாம் அதோடு போயின. அவன் முகம் சுருங்கியது.

அதிலே எனக்குத்தான் அதிகக் கடுப்பு. ஏனென்றால் நான் அங்கே போய் உட்கார்ந்து பார்க்கும்போதெல்லாம் அது சமத்தாக ஓடும். டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, போன் பண்ணிச் சொல்லிவிட்டுத்தான் போவேன். நான் படியேறும்போதே ஜன்னலைத் திறப்பார். மேசை ஃபேனை என் பக்கம் திருப்பி வைப்பார். அலுமாரியிலிருந்து நல்ல கோப்பையை எடுத்துத் தேத்தண்ணி ஊற்றித் தருவார். வந்த ஆளுக்கு வியர்க்கக் கூடாது. நான் ஃபேன் காற்றில் முடி பறக்க உட்கார்ந்து, "இப்ப நல்லாத்தானே ஓடுது டீச்சர்" என்பேன். கடைசியில் ரமணன் கீபோர்டைப் போட்டு அடிக்கிறான் என்று பழியை அவன்மேலேயே போட்டுவிட்டு வந்தேன். புத்திசாலி என்ற நினைப்பு அப்போது எனக்குக் கொஞ்சம் அதிகம்.

ஒரு புதன்கிழமை காலை அதே ரோட்டில் வேறொரு வீட்டில் வேலை. டீச்சர் வீட்டில் விட்டுவந்த ஸ்க்ரூ ட்ரைவர் நினைவுக்கு வரவே, ரமணன் இருப்பான், கேட்டு வாங்கலாம் என்று மேடேறினேன். கதவில் பெரிய ஆமைப்பூட்டு தொங்கியது. ஜன்னல்கள் எல்லாம் இறுக்கச் சாத்திக் கிடந்தன. திரும்பிப் போகப் பார்த்தேன், அப்போதுதான் மணம் வந்தது. தூசி வேகும் மணம். குனிந்தேன். கதவின் அடி இடுக்கால் சூடான காற்று என் கைமேல் பட்டது. உள்ளே மெதுவாக ஒரு கார் உறுமிக்கொண்டிருந்தது.

தட்டினேன். உறுமல் சட்டென்று நின்றது. உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் செய்தது எவ்வளவு பெரிய பிழை என்று அந்த அமைதியில்தான் விளங்கியது. பகல் வேளையில் அந்தக் கதவைத் தட்டக்கூடிய ஆட்கள் யார் யார் என்று எனக்கும் தெரியும்.

"ரமணன், நான்தான். கொம்பியூட்டர் கடை" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்கு மிகக் கிட்டே அவன் குரல் வந்தது. "அண்ணை, சத்தம் போடாதேங்கோ. அம்மா பின்னேரம்தான் வருவா. நீங்கள் போங்கோ."

மேட்டிலிருந்து இறங்கி ரோட்டுக்கு வந்த பிறகும் யாரும் பார்த்திருப்பார்களோ என்று நாலு முறை திரும்பிப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். "டீச்சர், பொட்டியில பிழை ஒண்டுமில்ல. ஜன்னல் பூட்டி ஈக்கிறதுதான் பிழை. அதுக்கு மூச்சு விட ஏலாம ஈக்கி" என்றேன்.

டீச்சர் கதிரையில் உட்கார்ந்தார். "யன்னலைத் திறந்தா ஆள் இருக்கிறது தெரியுமே தம்பி. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவர நேரம் நான் இங்க கண்டியிலதான், சின்னப் பிள்ளை. பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி எங்களை உள்ளுக்கு விட்டு, வெளியால பூட்டிப்போட்டு, ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லிக்கொண்டு வாசல்ல நிண்டவா. பூட்டுத் தொங்கின வீடு எண்டுதான் தப்பினனாங்கள். இப்ப சுற்றிவளைப்பு வந்தாலும் அதுதான் எனக்குத் தெரிஞ்ச வழி. கேம் ஓடினாத்தான் இவனும் பூட்டுக்குள்ள இருக்கச் சம்மதிப்பான்."

சுவரில் சாய்ந்து நின்ற ரமணன் என்னைப் பார்க்கவில்லை. வாரத்தில் ஐந்து நாட்களும் காலை ஏழிலிருந்து இரண்டரைவரை அவன் அந்த வேக்காட்டில் இருந்திருக்கிறான். நான் அவனைக் கீபோர்டை உடைக்கிறவன் என்று சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

சமையல் நடக்கும் குசினியில் ஒரு ஜன்னல் இருந்தது. வெளியே ஒரு முழ இடைவெளி, அதற்கப்பால் வெட்டிய மண்மேடு. அங்கே யாரும் வந்து நிற்கவும் முடியாது, ரோட்டிலிருந்து பார்க்கவும் முடியாது. அதையும் டீச்சர் பலகை வைத்து ஆணி அடித்து மூடியிருந்தார். கீழ்ப் பலகையைக் கழற்றினேன். பெட்டியை அதன் முன்னால் பக்கத் தகடில்லாமல் வைத்து, நீளமான வயர் போட்டு, மொனிட்டரைக் கூடத்திலேயே விட்டேன். மேட்டிலிருந்து பாசி மணத்தோடு குளிர்ந்த காற்று வந்தது. ரமணன் ஓட்டினான். நான் கையில் கோப்பையோடு ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றேன். கார் எங்கும் நிற்கவில்லை. "அண்ணை, இப்பதான் ஓடுது!" என்று அவன் சத்தம் போட, டீச்சர் பதறி அவன் வாயைப் பொத்தினார்.

பிறகு எட்டு மாதங்கள் முறைப்பாடு இல்லை. ஒரு முறை பெட்டிக்குள் தவளை ஒன்று குடியேறிவிட்டதாகப் போன் வந்தது, போய் எடுத்துவிட்டு வந்தேன். அவன் டவுன் பக்கம் போவதில்லை என்று டீச்சர் சந்தோஷமாகச் சொன்னார். ஒரு பிள்ளையை இப்படி அடைத்து வைத்ததில் என் கையும் இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் பஸ்ஸில் போகும்போதெல்லாம் குடைந்துகொண்டிருந்தது.

திடீரென்று மறுபடியும் போன். "தம்பி, திரும்பத் திக்குது."

போனேன். பெட்டி கூடத்துக்கு வந்திருந்தது, மழைக்குக் குசினி ஜன்னலையும் டீச்சர் சாத்தியிருந்தார். மொனிட்டரில் ரமணனின் சிவப்புக் கார் புறப்படும் கோட்டிலே நின்று உறுமிக்கொண்டிருந்தது. மற்றக் கார்கள் எல்லாம் போய்விட்டன.

"ரமணன் எங்க டீச்சர்?"

"போன கிழமை வெளிநாட்டுக்குப் போயிட்டான் தம்பி. போய்ச் சேந்திட்டான், போன் எடுத்தவன்."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப யாரு வெளையாடுற?"

"ஒருத்தரும் இல்லை. காலமை போகேக்க போட்டிட்டுப் போறனான். பின்னேரம் வந்து பூட்டைத் திறக்கேக்க உள்ளுக்குச் சத்தம் கேக்கோணும்."

உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். முதல் வளைவிலேயே சுவரில் மோதினேன். "அவன் இப்பிடி முட்டமாட்டான்" என்று சொல்லி டீச்சர் சிரித்தார், பிறகு அழுதார். நான் பெட்டியைப் பழையபடி குசினிக்குக் கொண்டுபோய் வைத்து, ஜன்னலுக்கு மேலே மழை அடிக்காமல் ஒரு தகரத் துண்டை மாட்டிவிட்டு வந்தேன்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம், பாதை திறந்து வந்துசேர்ந்த கணவரோடு டீச்சரும் மகனிடம் போனார். போகும்போது பெட்டியைக் கடையில் தந்துவிட்டு, "வைச்சிருங்கோ தம்பி" என்றார். இப்போது அந்தச் சோதனைச் சாவடி இருந்த இடத்தில் இளநீர் விற்கிறார்கள். மண்மேட்டுக்குக் கொங்கிறீட் சுவர் வந்துவிட்டது, வீட்டை இடித்துக் கண்ணாடிக் கதவு போட்ட கட்டடம் எழுந்துவிட்டது. பஸ்ஸில் என் பக்கத்தில் தாராளமாக ஆட்கள் உட்காருகிறார்கள்.

அந்தப் பெட்டியும் இல்லை. டீச்சர் போன அடுத்த வருஷமே அவசரத்துக்கு ஒருவர் பழைய கொம்பியூட்டர் கேட்டார், நான் கைப்பழக்கத்தில் முதலில் ஃபோமட் பண்ணினேன். நூறு வீதமும் ஓடி முடியும்போதுதான் எதை அழித்தேன் என்று உறைத்தது.

டீச்சர் போய் மூன்று வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து போன் எடுத்தார். சுகம் விசாரித்துவிட்டு, "தம்பி, அந்தப் பெட்டி இருக்கோ? கார் ஓடுதோ?" என்று கேட்டார்.

"ஈக்கி டீச்சர். நல்லா ஓடுது" என்றேன்.

"எண்டால் சரி. யன்னலைத் திறந்து வையுங்கோ, என்ன."