என் மனைவி சொன்ன மன்றாட்டு

என் அப்பா பூசை பார்க்கத்தான் போவார். அங்கே வாயைத் திறக்க அவருக்கு வேலையே இல்லை. சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் முணுமுணுப்பார். சனங்கள் பாட்டுக்குச் செபமாலை உருட்டுவார்கள். பீடத்துக்கு முன்னால் ஒரு கிராதி. அதைத் தாண்டிப் பெண்பிள்ளை கால் வைக்கக்கூடாது. பெருக்கித் துடைக்க மட்டும் விடுவார்கள், நல்ல நியாயம்! ஐரோப்பாவில் ராஜாக்கள் காலத்து ஒழுங்காம், பல நூறு வருஷம் அப்படியே ஓடியிருக்கிறது.

எனக்கு விவரம் தெரிந்தபின் பீடம் எங்கள் பக்கம் திரும்பியது. தமிழ் வந்தது, கிராதி போனது. எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூருக்கு வந்த இளம் சாமியார் அதோடு நிற்கவில்லை. பிரசங்கம் முடிந்ததும் சனங்களே முன்னால் வந்து மன்றாட்டுச் சொல்லவேண்டும் என்றார். ஆதித் திருச்சபையில் இருந்து, நடுவில் தொலைந்துபோன வழக்கமாம். ஒரு ஞாயிறு என் மனைவியைக் கூப்பிட்டு, அடுத்த வாரம் நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

"எனக்கு எழுத வராது சாமி, பேசட்டா?"

"பேசுங்கம்மா."

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியை இழுத்து மூடி மூன்று மாதம். வெளியே யாரிடமும் நான் மூச்சுவிடவில்லை. ஷிஃப்ட் மாறிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "கம்பெனி விஷயத்த எடுத்தே, நான் அப்டியே எழுந்து போய்டுவேன்" என்று வீட்டிலேயே எச்சரித்திருந்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த ஞாயிறு கிராதி இருந்த இடத்தைத் தாண்டிப் போய் மைக்கைப் பிடித்தாள்.

"சாமி, எங்கூட்டுக்காரரு கம்பெனிய பூட்டி வச்சிகீறாங்க. அந்த மன்சன் வெளிய சொல்ல வெக்கப்பட்டுகினு கீறாரு. பசங்க எதிர்ல சிரிக்கிறாரு, ராவெல்லாம் தூங்கறதில்ல. இன்னும் எத்தினி ஊடு இப்டி கீதோ, அல்லாருக்கும் சேத்துதான் கேக்கறேன். கேட்டைத் தொறந்து வுடு."

அடிப்பாவி! மானம் போச்சே என்று வாசல் பக்கம் திரும்பினேன். முடிக்கும் வாசகத்தை மறந்து அவள் விழித்துக்கொண்டு நின்றாள். சாமியாரே அதை எடுத்துச் சொன்னார்: "ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

கோயிலே அதிர்ந்தது. அதிகச் சத்தம் வந்தது வாசற்படியில் நிற்கிற ஆம்பிளைக் கூட்டத்திடமிருந்து. ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு பூட்டு. தினமும் என்னிடம் ஓவர்டைம் என்று அளந்துகொண்டிருந்த ஆவடிக்காரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து போகவில்லை. என்ன தைரியம் இவளுக்கு என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்பா ஆயுசுக்கும் பார்த்த பூசைகளில் இப்படி ஒன்று இருந்திருக்காது.

திரும்பி வரும்போது லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்தது. அவள் மெல்லக் கேட்டாள்: "இன்னாயா, கோவமா?"

"அடுத்த வாரமும் நீயே சொல்லு" என்றேன். "அந்த ஓவர்டைம்காரனையும் சேத்துக்கோ."