வாடகைக்கு எடுத்த தாய்வீடு

முதல்லயே சொல்லிடுறேன், எனக்குப் பேய் பிசாசுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. லாரி ஓட்டினவன் நான். முசிறிப் பக்கம் ஆத்தோரச் சுடுகாட்டு மதில் ஓரமா வண்டியை ஒதுக்கி, அதுக்கு அடியிலயே சாக்கை விரிச்சுப் படுத்து நிம்மதியாத் தூங்கி எழுந்து டீ குடிக்கப் போனவன். கூட வர்ற கிளீனருங்க டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்காம வண்டியை எடுக்க விட மாட்டானுங்க, நான் மிச்சப் பழத்தைச் சோத்துல பிழிஞ்சுக்கிற ஆளு. அப்படிப்பட்டவன் சொல்றேன். நம்பினா நம்புங்க, இல்லாட்டி ஒரு கதை கேட்டதா வச்சுக்குங்க, எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல.

எனக்கும் என் வீட்டுக்காரி பவளத்துக்கும் புள்ளை கிடையாது. போகாத கோயில் இல்ல. துறையூர்ல எங்க அண்ணன் வீட்டுல எங்களுக்கு ஒரு அறை, அவ்வளவுதான், அடுப்படி அண்ணியோடது. பவளம் ஒரு காபி போடணும்னாலும் அண்ணி மூஞ்சி எப்படி இருக்குன்னு பார்த்துட்டுத்தான் போடணும். அவ ஒரு நாளும் வாய் விட்டுச் சொன்னதில்ல, எனக்கும் தெரியும், நானும் கேட்டதில்ல. இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வேண்டியிருக்கும்.

தனுஷ்கோடியில இருந்து சிலோனுக்குக் கப்பல் ஓடின காலம் அது. பவளத்தோட தங்கச்சி சரசுவை மாத்தளையில கட்டிக் குடுத்திருந்தது, மாப்பிள்ளை நடேசன் அங்க டவுன்ல ஜவுளிக்கடை. சரசு முழுகாம இருக்குன்னு சேதி வந்தது. தலைப் பிரசவம் தாய்வீட்டுலதானே நடக்கணும், ஆனா மாமனார் மாமியார் ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு, தாய்வீடுன்னு ஒண்ணு இல்ல. அக்கா வீட்டுக்கு வரலாம்னா அப்ப அங்க நம்ம ஆளுங்களுக்குப் பிரஜா உரிமைத் தகராறு, ஒரு தடவை கடலைத் தாண்டினா திரும்ப உள்ள விடுவாங்களோ மாட்டாங்களோன்னு பயம். நானும் அப்ப வண்டி கவுந்து இடுப்புல அடிபட்டு வேலையில்லாம உக்காந்திருந்தேன். பவளம் ஒரே பேச்சா சொல்லிட்டா, தங்கச்சி வர முடியாட்டி தாய்வீடு அங்க போகும்னு.

அப்புறம் பாஸ்போர்ட், விசா, ரயிலு, கப்பல், திரும்பவும் ரயிலு. மாத்தளையோட தண்டவாளமே முடிஞ்சுபோகுது, அதுக்கு மேல மலைதான். நடேசன் எங்களுக்கு ரெஸ்ட் ஹவுஸ்ல ரூம் சொல்லி வச்சிருந்தாரு. பவளம் வாசல்ல நின்னபடியே பார்த்துட்டு, இங்க எங்க அடுப்பு மூட்டுறது, பத்தியச் சாப்பாட்டை சர்வரா கொண்டுவந்து வைப்பான்னு கேட்டுட்டா. நியாயம்தானே, லாட்ஜ்ல யாரு புள்ளை பெத்து வளர்த்திருக்கா. நடேசன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு ஹமீது நானாகிட்ட கூட்டிட்டுப் போனாரு.

ஹமீது நானா கராம்பு, மிளகு வியாபாரம், நம்ம கிராம்பைத்தான் அங்க கராம்புங்கிறாங்க, முஸ்லிம் அண்ணன்மாரை நானாங்கிறாங்க. ரத்தோட்டை ரோட்டுல டவுனை விட்டுக் கொஞ்சம் ஏறினா அவருக்கு ஒரு வீடு இருந்தது. ரெண்டு காம்பரா, அதாவது அறை, சமைக்க ஒரு குசினி, முன்னாடி சிமெண்டு வாசப்படி, பின்னாடி கராம்பு மரம். மகளுக்குன்னு பார்த்துப் பார்த்துக் கட்டினாராம், மகள் கம்பளைங்கிற ஊருக்கு வாழ்க்கைப்பட்டு அங்கேயே தங்கிட்டா. அதுக்கப்புறம் கொழும்புல இருந்து கராம்பு வாங்க வர்ற வியாபாரிங்க ரெண்டு நாள் மூணு நாள் படுத்துட்டுப் போறது, அவனுங்க சாப்பாடு கடையில. குசினி அடுப்புல கரியே பிடிக்கல, கட்டின அன்னைக்கு இருந்த மாதிரி இருந்தது. நான் சும்மா கிண்டலுக்கு, இந்த வீட்டுல யாரும் செத்துக்கித்துப் போகலையே நானான்னு கேட்டேன்.

"சாகிறதுக்கு முதல்ல யாராச்சும் வாழ்ந்திருக்கணுமே தம்பி"ன்னாரு.

அடுத்த நாள் காலையில பவளம் குளிச்சிட்டு, அந்தப் புது அடுப்புல புதுப் பானையை வச்சுப் பால் காச்சினா. பொங்கி வழிஞ்சு அடுப்புல ஓடுச்சு, அது பொங்கினதைப் பார்த்து அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே, கல்யாணமானதுல இருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்ல. அந்த நேரம் பார்த்து சரசுவோட மாமியார் வந்துட்டாங்க. "என்ன புள்ள இது, ரெண்டு மாசத்துக்கு எடுத்த வீட்டுக்கு யாராச்சும் பால் காச்சுவாங்களா? பால் காச்சினா குடி வந்துட்டோம்னு அர்த்தம். போறப்ப எப்படிப் போவீங்க?"ன்னு கேட்டாங்க. பவளம் கரண்டியைக் கையில வச்சுக்கிட்டே, "தாய்வீடுன்னா பால் காச்சாம எப்படிங்க அத்தை?"ன்னு கேட்டா. அந்தம்மா குடுத்த பாலைக் குடிக்காம வச்சுட்டுப் போயிட்டாங்க. எனக்கு அது அப்ப ஒரு விஷயமாவே படல.

சரசுவுக்கு நல்லபடியாப் பிரசவம் ஆச்சு, பொம்பளப் புள்ளை. ஆஸ்பத்திரியில இருந்து நேரா நம்ம வீட்டுக்குத்தான் வந்தது, பாருங்க, நம்ம வீடுங்கிறேன், வாய் அப்படியே பழகிப்போச்சு. பவளம் தன் நூல் சேலையை உத்திரத்துல கட்டித் தூளி போட்டா. புள்ளை பெத்தவளுக்குக் காயமருந்து அரைக்கிறதும், புள்ளையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டுறதும், தலைக்குச் சாம்பிராணி காட்டுறதும், அவ நடக்கல, பறந்தான்னே சொல்லணும். அந்தி சாஞ்சா ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் இருந்து மூடுபனி எறங்கி ரோடே தெரியாது, உள்ள மட்டும் அடுப்பு வெளிச்சம். எனக்கு ஒரு வேலையும் இல்ல, நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன், மறைக்கிறதுல என்ன இருக்கு.

முப்பது கழிஞ்சு சரசுவையும் புள்ளையையும் நடேசன் வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயிட்டாங்க. எங்க விசா முடிய இன்னும் மூணு நாள் இருந்தது. பவளம் தூளியை அவுத்து, துவைச்சு, மடிச்சு வச்சுட்டு, அதுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தா.

மறுநாள் சாயங்காலம் நான் டவுன் பக்கம் போயிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வர்றேன். இருட்டல, நல்லாக் கண்ணு தெரியுது. ஜன்னல் வழியா உள்ள பவளம் எனக்கு முதுகு காட்டி உக்காந்துக்கிட்டு தூளியை ஆட்டுறா. தூளி கனமாத் தொங்குது, உத்திரம் கிரீச் கிரீச்சுங்குது. சரி, சரசு திரும்ப வந்துட்டா போலன்னு நினைச்சுக்கிட்டு, "சரசு வந்திருச்சா?"ன்னு வெளியில இருந்தே கேட்டேன். பதில் இல்ல. புள்ளை தூங்குதாக்கும், அதான் பேசலைன்னு பின்பக்கம் போய்க் கால் கழுவிட்டு உள்ள வந்தா ஆளு இல்ல. தூளி இல்ல. மடிச்சு வச்ச சேலை மடிச்ச இடத்துலயே இருக்கு. அப்ப வாசல்ல செருப்புச் சத்தம், பார்த்தா பவளமும் நடேசனும் ரோட்டுல இருந்து ஏறி வர்றாங்க. மத்தியானத்துல இருந்து நடேசன் வீட்டுல புள்ளைகூடத்தான் இருந்தாளாம்.

நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா என்ன ஆகும்னு பயம் இல்ல, என்னத்தைச் சொல்றதுன்னே தெரியல.

அடுத்த நாள் சாயங்காலம் நான் நானா கடையில உக்காந்து தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தேன். பவளம் குசினியில இருந்து எட்டிப் பார்த்து, "மறுபடி எங்க போனீங்க? காபியைப் போட்டு வச்சா ஆளைக் காணோம்"னா. மறுபடியாவது, இப்பத்தான் வர்றேன்னேன். அவ நின்னுட்டா. எனக்கு ஒரு பழக்கம் உண்டு, வீட்டுக்குள்ள ஏறும்போது வாசப்படி விளிம்புல இடது காலை ஒரு தட்டு, வலது காலை ரெண்டு தட்டு. மண்ணு போகட்டும்னு எங்கப்பா செய்வாரு, அப்படியே எனக்கும் ஒட்டிக்கிச்சு. "படியில தட்டினீங்க, இருமினீங்க, உள்ள வந்து உக்காந்தீங்க, நான் கேட்டேனே"ன்னா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அப்பத்தான் நான் முந்தின நாள் பார்த்ததைச் சொன்னேன். அவ பயந்து அலறுவான்னு நினைச்சேன், அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "தூளி கனமாவா இருந்தது?"ன்னு.

கிளம்புற அன்னைக்கு அடுப்புல தண்ணி ஊத்தி அவிச்சது நான்தான். சாவியை நானா கையில குடுத்துட்டு ரோட்டுக்கு எறங்கித் திரும்பிப் பார்த்தா, குசினி ஓட்டுக்கு மேல மெல்லிசாப் புகை. ஈரக்கட்டை புகையும்னு நான் சொன்னேன். பவளம் கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "ஆமா, புகையும்"னா.

அப்புறம் வருஷம் ஓடிப்போச்சு. எனக்கு இடுப்பு சரியாகி மறுபடி வண்டி ஓட்டினேன். அதே அண்ணன் வீடு, அதே அறை, சொந்தமா ஒரு குடிசைகூட என்னால போட முடியல. புள்ளையும் பொறக்கல. ஆனா பவளம் அதுக்கப்புறம் எந்தக் கோயிலுக்கும் வேண்டிக்கப் போகல, நானே கூப்பிட்டாலும் வேண்டாம்னுடுவா. சாயங்காலமானா எல்லா வேலையையும் போட்டுட்டுக் கொல்லைப்பக்கம் போய்ச் சும்மா உக்காந்திருப்பா. என்னடி பண்றேன்னா, "வீட்டுல விளக்கு வைக்கிற நேரம்"பா. எந்த வீட்டுலன்னு ஒரு தடவை கேட்டேன். சிரிச்சா. பால் பொங்கின அன்னைக்குச் சிரிச்ச அதே சிரிப்பு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மஞ்சக்காமாலை வந்து பவளம் போய்ச் சேர்ந்துட்டா. அழுதேன், வேற என்ன சொல்ல. சரசுவுக்குத் தந்தி அடிச்சோம், அதுக்கு வர முடியல.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு மத்தியானம் வாசல்ல ஹமீது நானா நிக்கிறாரு. நல்லா வயசாயிருச்சு. நாகூருக்கு வந்தாராம், அங்க இருந்து விசாரிச்சுக்கிட்டு துறையூருக்கு வந்துட்டாரு. துக்கம் விசாரிச்சாரு, தண்ணி குடிச்சாரு, எழுந்து போகாம உக்காந்திருந்தாரு.

"தம்பி, நான் சொல்றதுக்குக் கோவிக்கப்படாது. நீங்க போன பின்னாடி அந்த வீட்டுல ஒருத்தரும் ஒரு கிழமை, ஏழு நாளுக்கு மேல இருக்கல்ல. பயந்து போனாங்கன்னு நினைக்காதீங்க. ஆள் குடியிருக்கிற வீட்டை ஏன் நானா எங்களுக்குத் தந்தீங்கன்னு, என்னமோ தப்புச் செஞ்ச மாதிரி வெக்கப்பட்டுக்கிட்டு சாவியைத் தந்துட்டுப் போறாங்க. முதல்ல வந்தவங்க தூளிச் சத்தம்னாங்க. பிறகு வந்தவங்க கொலுசுச் சத்தம், புள்ளை ஒண்ணு ஓடுதுன்னாங்க. அதுக்குப் பிறகு ஒருத்தர், பக்கத்துக் காம்பராவுல ஒரு புள்ளை தமிழ்ப் பாடம் படிக்குதுன்னாரு. நான் யாருக்கும் சொல்லல்ல. உங்க கொழுந்தியா சரசுவுக்கும் சொல்லல்ல."

நான் சொம்புல இன்னும் கொஞ்சம் தண்ணி கொண்டாந்து வச்சேன்.

"கடைசியா ஒரு சிங்கள மாத்தயா, நீங்க ஐயாங்கிற மாதிரி, குருநாகல்காரரு, ரோட்டு வேலைக்கு வந்தவரு. ஒரு நாள் பொழுதுபட வீட்டுக்கு வந்திருக்காரு, வாசப்படியில பத்து வயசு மதிக்கிற பொம்பளப் புள்ளை ஒண்ணு நிக்குது. யாருன்னு கேட்டிருக்காரு. அம்மா வந்துட்டாங்க, அப்பா இனிமேதான் வரணும்னு சொல்லிட்டு உள்ள போச்சாம். அவரு உள்ள போகவே இல்ல, மறுநாள் காலையில சாவியைக் கொண்டாந்து தந்துட்டாரு. அன்னைக்குப் பகல்தான் நடேசன் தந்தியைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாரு."

சொல்லிட்டு எழுந்தாரு. கிளம்புறாருன்னு நினைச்சேன். "இன்னொண்ணு. அந்தப் புள்ளை உள்ள போகும்போது இப்படிச் செஞ்சுதாம், மாத்தயா செஞ்சு காட்டினாரு"ன்னு சொல்லிக்கிட்டே, எங்க அண்ணன் வீட்டு வாசப்படி விளிம்புல இடது காலை ஒரு தட்டு, வலது காலை ரெண்டு தட்டு தட்டினாரு. அது என்னோட பழக்கம்னு அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்ல.

வீட்டை இனிமே யாருக்கும் வாடகைக்குக் குடுக்கப்போறதில்லன்னாரு. விக்கவும் மாட்டாராம், மகள்கிட்டயும் சொல்லி வச்சிருக்காராம். நான் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

இதுக்கு என்ன அர்த்தம்னு என்னைக் கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. பேய்னு நீங்க சொன்னா எனக்குக் கோவம் வரும், அதை மட்டும் சொல்லிடுறேன். சாவுன்னா எனக்கு முன்ன இருந்த பயம் இப்ப இல்ல, அதுவும் நிசம். ஆனா ஒண்ணு மட்டும் இன்னைக்கும் மனசைப் பிசையுது. அன்னையில இருந்து நான் வாசப்படியில காலைத் தட்டுறதில்ல. மழையானாலும் சேறானாலும் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, சத்தம் வராம ஏறிப் போறேன். அண்ணி திட்டுறாங்க, வீடெல்லாம் மண்ணாக்குறேன்னு. திட்டட்டும். இங்க தட்டுற சத்தம் அங்க கேட்டா, அப்பா வந்துட்டாருன்னு அந்தப் புள்ளை வாசலுக்கு ஓடி வந்துரும். வந்து பார்த்துட்டு ஏமாந்து உள்ள போகக்கூடாதில்ல.