அக்கரையில் மகள், இக்கரையில் நான்

சபையார் அனைவருக்கும் என் அன்பு. எழுந்து நின்று பேசினால் எனக்குக் குரல் நடுங்கும். எழுதினால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம் என்பதால் எழுதுகிறேன். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல ஆண்டவர் உதவட்டும்.

என் மகள் ரேச்சலுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. மடியில் இருந்த பிள்ளை திடீரென்று விறைத்தாள். கண் மேலே செருகியது. உதடு நீலமானது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. ஆனால் என்னுள் அது அடங்கவே இல்லை. தஞ்சாவூரில் மருத்துவர் நன்றாகப் பரிசோதித்துவிட்டு, "சில பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் ஏறும்போது இப்படி வரும்மா. வளர வளரத் தானா நின்னுடும். பயப்படாதீங்க" என்றார். பயப்படாமல் இருப்பது எப்படி என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன்பின் பிள்ளையை விட்டு நான் நகரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் வேலையை விட்டேன். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். சுடுவது அவள் நெற்றியா என் கையா என்று சந்தேகம் வரும். தெர்மாமீட்டர் வைப்பேன். அது சரியாகக் காட்டுகிறதா என்று என் வாயில் வைத்துப் பார்ப்பேன். என் கணவர் பிள்ளையைத் தூக்கினால்கூடப் பின்னாலேயே நிற்பேன். ஜெபித்தேன்தான். ஆனால் "இன்றைக்கு வரக்கூடாது, இன்றைக்கு வரக்கூடாது" என்பதைத் தவிர வேறு வார்த்தை வாயில் வரவில்லை. இவ்வளவு பயப்படுகிற நான் விசுவாசியா என்று அதற்கும் சேர்த்துப் பயந்தேன்.

இப்படியே ஒரு வருடம் போனது. கடந்த ஜூன் மாதம் என் நாத்தனார் ஷீபா விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் ஊர் பூதலூருக்குப் பக்கம். அவள் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். அவளிடமும் என் கணவரிடமும் தடித்த டயர் வைத்த மவுண்டன் பைக் இருக்கிறது. மலையே இல்லாத ஊரில் அண்ணனும் தங்கையும் வாய்க்கால் கரைகளில் அதை ஓட்டுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஷீபா என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, சும்மா ஒரு சுத்து. புள்ளைய அண்ணன் பாத்துக்கும்."

"அழுதான்னா?"

"அண்ணனும் சேந்து அழும். நீங்க கெளம்புங்க."

என் கணவர் தன் சைக்கிளின் சீட்டை எனக்காக இறக்கிக் கொடுத்தார். பள்ளியில் படித்தபோது ஓட்டியதுதான், அதுவும் தார்ச்சாலையில். மண்பாதையில் டிராக்டர் போன தடம் காய்ந்து கல் மாதிரி இருந்தது. நான் பிரேக்கைப் பிடித்தபடியே பெடலை மிதித்தேன்.

"அண்ணி, ஒண்ணு மிதிங்க, இல்ல நிறுத்துங்க. ரெண்டையும் பண்ணா சைக்கிள் பாவம்ல?"

கோடையில் வாய்க்கால் வறண்டதும் எங்கள் பக்கத்தில் யாரும் பாலத்தைச் சுற்றிப் போவதில்லை. இந்தக் கரையில் சறுக்கி இறங்கி, மணலில் நடந்து, அந்தக் கரையில் ஏறிவிடுவோம். மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். "நம்ம வாய்க்காலுக்கு நாளைக்குத்தான் வரும்" என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் அதை நம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி ஏறினோம்.

அக்கரையில் உழுது போட்ட வயல்களுக்கு நடுவே ஓட்டினோம். எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. ஓர் இடத்தில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக உடனே மனம் குத்தியது. அப்போதுதான் போன் வந்தது.

"ஒண்ணுமில்லம்மா. புள்ளைக்கு லேசா சுடுது. மருந்து குடுத்துட்டேன். பதறாம வா" என்றார் என் கணவர்.

நான் வந்த வழியே திரும்பி மிதித்தேன். வாய்க்காலை அடைந்தபோது நாங்கள் கடந்த இடத்தில் மணல் இல்லை. நுரையும் சருகுமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் பெண்கள் சிலர் பூவும் நெல்லும் தூவிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று காலைதான் நாமும் ஆலயத்தில் தண்ணீருக்காக ஜெபித்திருந்தோம்.

முழங்கால் அளவுதான் இருக்கும் என்று தோன்றியது. செருப்பைக் கழற்றினேன். ஷீபா என் கையைப் பிடித்தாள். எதிர்க்கரையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"ஏம்மா, எறங்காத! நடுவுல மணல் அள்ளுன குழி கெடக்கு. விழுந்தா ஆளு தெரியாது. பாலத்துல சுத்திப் போ!"

பாலம் கிழக்கே வெகுதூரம். கரைமேல் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயலுக்குள் இறங்கும் சரிவு. அங்கே போய்ச் சேருவதற்குள் பிள்ளைக்கு என்ன ஆகுமோ? ஊரே கேட்டு வாங்கிய தண்ணீரை நிறுத்தும்படி ஆண்டவரிடம் நான் எப்படிக் கேட்பேன்? மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். எப்போதும் சொல்லும் வரிகூட வரவில்லை. கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்: "ஆண்டவரே, நான் அங்கே இல்லை. நீர் இருக்கிறீர்."

சொன்னதும் எதுவும் நடக்கவில்லை. தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறியது. ஆனால் என் நெஞ்சின் படபடப்பு நின்றது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து சைக்கிளில் ஏறினேன்.

"அண்ணி, மெதுவா. சக்கரத்தப் பாக்காதீங்க, தூரமாப் பாருங்க" என்று ஷீபா பின்னால் வந்தாள். கரையில் புதிதாகக் கொட்டியிருந்த மண்ணில் ஒருமுறை விழுந்தேன். முட்டி சிராய்த்தது. மறுபடி ஏறினேன். வழியெல்லாம் நான் வீட்டுக்குப் போன் செய்யவில்லை. அது நானா என்று இன்றும் யோசிக்கிறேன்.

வீட்டில் ரேச்சல் அப்பாவின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர், பிழிந்து போட்ட துணி. காய்ச்சல் இறங்கியிருந்தது. வலிப்பு வரவில்லை.

"துணி போடணும்னு உங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒரு வருசமா பாத்துக்கிட்டுதானே இருக்கேன். நீதான் என்னைய எதுவும் செய்ய விடல" என்றார்.

பிள்ளை என்னைப் பார்த்து, "அம்மா சேறு" என்று சொல்லிச் சிரித்தாள். நான் அப்படியே தரையில் முழங்கால்படியிட்டு அழுதேன். அது துக்க அழுகை இல்லை.

இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் அது முழு உண்மை ஆகாது. மழைக்காலத்தில் அவளுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது, வலிப்பும் வந்தது. அன்று நான் எங்கும் போகவில்லை. என் கைக்குள்தான் இருந்தாள். நான் இருந்தும் வந்தது. அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். சட்டையைத் தளர்த்தினேன். எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று என் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். காத்திருந்தோம். அடங்கியது. மருத்துவர் பார்த்துவிட்டுப் பழையபடியே சொன்னார். இந்த முறை அந்த வார்த்தை என் காதில் விழுந்தது.

வலிப்பே வரக்கூடாது என்று கேட்டேன். ஆண்டவர் அதைக் கொடுக்கவில்லை. என் பிள்ளையின் உயிரை நான்தான் தாங்கிப் பிடித்திருக்கிறேன் என்ற பாரத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். நான் அதைக் கேட்கவே இல்லை. அவருக்கே ஸ்தோத்திரம். இப்போது மறுபடி வேலைக்குப் போகிறேன்.

என்னைப்போல் பயந்திருக்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்வேன். மருந்தை விடாதீர்கள், மருத்துவர் பேச்சைக் கேளுங்கள். பிறகு பிள்ளையை அதன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, ஜெபித்துவிட்டு, தெருமுனை வரை போய் வாருங்கள். திரும்பிப் பார்க்கத் தோன்றும். பார்த்துக்கொள்ளுங்கள், அதில் பாவமில்லை. நீங்கள் விட்டுவந்த இடத்தில் அவர் இருக்கிறார்.