நோன்பிருந்த தொட்டி

ஏலிக்குட்டியைப் பிடிவாதக்காரி என்றால் அது குறைத்துச் சொன்னதாகும். வாய்க்காலுக்கு அந்தக் கரையில் அவள் வீடு, இந்தக் கரையில் என் வீடு. நடுவில் ஒரு தென்னைத்தடிப் பாலம். இருபத்தைந்து வருஷம் அவளைப் பார்த்தவள் நான், என்னிடம் யாரும் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

அவள் புருஷன் பாப்பச்சன் முப்பது வருஷம் கயிற்று மில்லில் சகிரி, அதாவது தேங்காய் நார், அடித்தவர். அந்தத் தூசி முழுக்க நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில் கட்டிலும் ஆக்சிஜன் மெஷினுமாக ஆனார். வீட்டுக்குள் புகை என்ற பேச்சே கூடாது, விறகு எரித்தால் ஆள் தங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அன்று சிலிண்டர் வாங்கியதோடு தொடங்கியது இவளுடைய சிக்கனம். சோறு ஒரு கொதி வந்ததும் பானையைத் தூக்கித் தெர்மக்கோல் பெட்டியில் மூடிவைப்பாள், மீதி அதுவாகவே வேகும். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் மகள் ஜின்ஸி ஓடிவந்து அணைப்பாள். மிச்சமான காசெல்லாம் மருந்துக்கு.

பிறகு பஞ்சாயத்தில் பாதி விலைக்குச் சாண எரிவாயுத் தொட்டி கொடுத்தார்கள். கொல்லையில் கொண்டுவந்து வைத்தாள். கஞ்சித்தண்ணீர், காய்கறித் தோல், மீன்காரன் கொடுக்கும் குடல், செதில் எல்லாம் அதற்குத்தான். காலையும் மாலையும் நீல நிறத்தில் எரியும், துளிப் புகை கிடையாது. ஒரு வருஷம் ஓடியதும் சிலிண்டர் கனெக்ஷனையே திருப்பிக் கொடுத்துவிட்டாள். வார்டு கூட்டத்தில் எழுந்து பேசவும் செய்தாள்.

"மோளிச் சேச்சி வீட்டுல ரெண்டு சிலிண்டர் இருக்கு. ஒண்ணு எரிக்க, இன்னொண்ணு பாத்து ரசிக்க."

கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரிப்பதுபோல் பல்லைக் காட்டினேன். உள்ளே பற்றி எரிந்தது. அதை இரண்டு வருஷம் மனதில் வைத்திருந்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

தினமும் விடிந்ததும் கட்டிலிலிருந்து பாப்பச்சன் ஒரே கேள்விதான் கேட்பார். "எரியுதாடி?" இச்சாயன் என்றுதான் இவள் அவரைக் கூப்பிடுவாள்; அடுக்களையிலிருந்து, "எரியுது இச்சாயா" என்பாள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்கும்.

இந்த வருஷம் ஐம்பது நோன்பு வந்தது. மீன், இறைச்சி, முட்டை எதையும் நாங்கள் ஈஸ்டர் வரை தொடமாட்டோம். ஏலிக்குட்டி இன்னும் ஒரு படி மேலே போனாள். இச்சாயனுக்கு மூச்சு சீராக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, மீன்காரன் சைக்கிள் தன் வாசலில் நிற்கவே கூடாது என்றுவிட்டாள். தொட்டிக்கு வரும் மீன்குடலும் நின்றது. தொட்டியும் நோன்பு பிடிக்கிறதாக்கும் என்று நான்தான் கேலி செய்தேன்.

தொட்டி வெறும் வயிற்றோடு கிடக்கக் கூடாதே என்று அவளுக்குக் கவலை. மாங்காய்க் காலம். காற்றில் உதிர்ந்த பிஞ்சு மாங்காய், அழுகிய புளிச்சங்காய் எல்லாவற்றையும் கூடை கூடையாக உள்ளே தள்ளினாள். உப்புமாங்காய் ஜாடியின் பழைய தண்ணீரையும் குடம் குடமாக ஊற்றினாள். நோன்பு வீட்டில் வேறென்ன மிஞ்சும்? நாலாவது வாரம் தீ மஞ்சளானது. பிறகு பொட்டுப் பொட்டென்று வெடித்தது. ஒருநாள் காலையில் பாப்பச்சன் கேட்டபோது அவள் லைட்டரை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள், தீ பற்றவே இல்லை.

தொட்டி வைத்துக்கொடுத்த சஜி வந்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். "சேச்சி, உள்ள எல்லாம் புளிச்சுப் போச்சு. அதுக்குள்ள உயிர் இருந்துச்சு, நீங்க கொன்னுட்டீங்க" என்றான். சுண்ணாம்பு கலக்கு, புதுச் சாணம் போடு, இரண்டு வாரம் எதுவும் ஊற்றாமல் காத்திரு என்று சொல்லிவிட்டுப் போனான்.

எங்கள் பக்கம் பசு வைத்திருப்பவர் ஒருவர்தான், அதுவும் இரண்டு மைல் தள்ளி. ஏலிக்குட்டி தலைச்சுமையாகப் பதினோரு கூடை சாணம் சுமந்தாள். மின்னடுப்பு வைக்கலாம் என்றால், அதைப் போட்டதும் பியூஸ் போய் ஆக்சிஜன் மெஷின் நின்றுவிடும். வேறு வழியில்லாமல் கொல்லைக் கோடியில் மூன்று செங்கல் வைத்துத் தென்னமட்டையை எரித்தாள். பாப்பச்சன் அறையின் ஜன்னல் இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்தாள். ஆனால் எங்கள் ஊரில் மத்தியானம் ஆனால் காயலிலிருந்து காற்று வரும். புகையை நேராக வீட்டுக்குள் கொண்டுபோகும். அவர் இருமல் எனக்கு இங்கே கேட்கும்.

என் வீட்டில் இரண்டாவது சிலிண்டர் நிறைந்து கிடந்தது. பழைய அடுப்பு ஒன்றும் பரணில் இருந்தது. கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். அவள் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். அவள் சாகும்வரை கேட்கமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். அப்படி இருந்தும் சும்மா இருந்தேன். இதற்கு மேல் என்னைப் பற்றி என்ன சொல்ல?

குருத்தோலை ஞாயிறன்று பாப்பச்சனைப் பார்க்கப் போனேன். உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் இல்லாத நேரம் பார்த்து என் கையைப் பிடித்தார்.

"நான் இருமறது அவளுக்குக் கேக்கக் கூடாதுன்னு தலகாணியக் கடிச்சுக்கறேன் மோளி. அவகிட்ட சொல்லிராத."

வீட்டுக்கு வந்து பரணிலிருந்த அடுப்பை இறக்கினேன். குழாய் வெடித்துக் கிடந்தது. மறுநாள் கடைக்குப் போய்ப் புதுக்குழாய் வாங்கினேன். செவ்வாய்க்கிழமை காலையில் சிலிண்டரைக் கைவண்டியில் ஏற்றிப் பாலம்வரை தள்ளிக்கொண்டு போனபோது அந்தக் கரையிலிருந்து ஜின்ஸியின் அலறல் கேட்டது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். பாப்பச்சனுக்கு மூச்சு நின்றுபோயிருந்தது. ஏலிக்குட்டி சாணம் காய்ந்த கையோடு அவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை அடக்கம். அன்று பூராவும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "என் மாங்காதான் சேச்சி கொன்னுச்சு" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்படியில்லை, அவர் நெஞ்சு எப்போதோ போய்விட்டது என்றேன். என் சிலிண்டரைப் பற்றி வாய் திறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பெரிய வியாழன் விடிந்தது. அன்று இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைத்து எல்லா வீட்டிலும் பெசகா அப்பம் அவிப்பார்கள். சாவு விழுந்த வீட்டில் மட்டும் அந்த வருஷம் அவிக்கக் கூடாது, அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் பாலில்லாத கட்டன்காப்பி போட நான் விடியும்போதே அங்கே போய்விட்டேன். ஏலிக்குட்டி எழுந்து வந்தாள். பழக்கத்தில் கை தானாகப் போய்ச் சாணவாயு அடுப்பின் குமிழைத் திருகியது, லைட்டரை அமுக்கியது.

பற்றிக்கொண்டது. ஆடாத, சத்தமில்லாத நீலத் தீ.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அறைப்பக்கம் திரும்பி, எப்போதும்போல உரக்கச் சொன்னாள்.

"எரியுது இச்சாயா."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. நான் தண்ணீர்ப் பாத்திரத்தை அந்தத் தீயில் வைத்தேன்.

சாயங்காலம் என் வீட்டில் அவித்த அப்பத்தை வாழையிலையில் மூடி எடுத்துக்கொண்டு பாலத்துக்கு வந்தேன். சிலிண்டர் செவ்வாய்க்கிழமை விட்ட இடத்திலேயே கைவண்டியில் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்து போக வேண்டியிருந்தது.